பேச்சி தூங்கும் ஆழம்

பேச்சியின் இதயம் நின்று பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. கரிசல்புதூர் நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் மட்டும் அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அன்று பட்டை கட்டும் முறை ஹரிஷ்பாண்டியுடையது. சட்டைக்கு மேலே, நெஞ்சுக்குக் குறுக்காகக் கட்டிக்கொண்டு இரண்டாம் பெஞ்சின் ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். ஆசிரியை நிறைமதி கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். சட்டென்று அவன் கை உயர்ந்தது.

"வந்துட்டா!"

பேனாக்கள் நின்றன. பிள்ளைகள் எல்லோரும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மெல்ல விட்டார்கள். வெகு தெற்கே, பனிக்கட்டி மிதக்கும் கடலில், ஒரு யானைச்சீல் ஆழத்திலிருந்து மேலே வந்து மூச்சு விடும்போது இவர்களும் சேர்ந்து விடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. முதல் வாரத்தில் தானாக வந்த பழக்கம். இப்போது அந்தக் குரல் கேட்டால் பக்கத்து வகுப்பும் மூச்சு விடும். சமையல்கூடத்தில் மாடத்தி அக்காகூடக் கரண்டியை நிறுத்திவிட்டு ஒரு மூச்சு விடுவாள்.

நிறைமதியும் விட்டாள். பொய் சொல்வது பழகிப்போயிருந்தது. செத்துப்போன ஒன்றோடு சேர்ந்து மூச்சு விடுவதுதான் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் உடம்பு கூசியது.

திட்டம் ஜூன் மாதம் வந்தது. பள்ளிக்கு ஒரு விலங்கு. தெற்குக் கடலின் தீவொன்றில் ஆராய்ச்சியாளர்கள் யானைச்சீல்களின் தலையில் ஒரு சிறு கருவியை ஒட்டி விடுவார்கள். அடுத்த முறை தோல் உரியும்போது அது தானாக விழுந்துவிடும். அதுவரை அந்த விலங்கு எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே தூங்குகிறது, இதயம் எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் வந்துகொண்டிருக்கும். வகுப்பில் ஒரு பட்டை இருக்கும். அதைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையின் நெஞ்சில் அந்த இதயம் துடிக்கும், ஆழத்தில் மெதுவாக, மேலே வந்ததும் வேகமாக.

கடலையே பார்த்திராத பிள்ளைகள். கண்மாயில் தண்ணீர் நின்று பார்த்தவர்களே குறைவு. முதல் வகுப்பை நிறைமதி மறக்கமாட்டாள். நாலு பேருக்கு நடுவில் குரல் எழும்பாத அவளை, அன்றுதான் ஒரு வகுப்பு முழுவதும் வாய் பிளந்து கேட்டது.

"யானைங்கிறீங்க, தும்பிக்கை எங்க டீச்சர்?"

"அது ஆம்பளைச் சீலுக்கு மட்டும்தான். மூக்கு பெருசாத் தொங்கும். சண்டைக்கு முன்னாடி அதை உப்ப வெச்சுக் கத்தும். அதுலயே பாதிப் பேர் பயந்து ஓடிருவாங்க."

"எங்க பெரியப்பா மாதிரி" என்றாள் சந்தனமாரி. வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. அப்போதெல்லாம் சந்தனமாரிதான் வகுப்பின் வாய்.

"நம்மளோடது பொம்பளைச் சீல். ஆயிரம் அடி, ரெண்டாயிரம் அடி சாதாரணமாப் போவா. அதுக்கு மேலயும் போவா."

"எங்க தோட்டத்து போர் ஆயிரத்து இருநூறு அடி டீச்சர்" என்றான் ஹரிஷ்பாண்டி. "தண்ணி இல்ல. இவளை உள்ள விட்டுப் பாக்கச் சொல்லலாமா?"

"உள்ள போனா மாட்டிக்கிருவாடா. அவ எங்க வீட்டு டிராக்டர் தண்டி இருப்பா" என்றாள் சந்தனமாரி. பேச்சி என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவர்கள் தெருக் கோயிலின் சாமி பெயர்.

பேச்சி வயிற்றில் குட்டி இருந்தது. மாதக்கணக்கில் கடலில் தின்று கொழுத்துவிட்டுத்தான் கரையேறி ஈன்றாக வேண்டும். ஈன்ற பிறகு தின்னமாட்டாள். உடம்பில் சேர்த்த கொழுப்பைப் பாலாக்கிக் குட்டிக்குக் கொடுத்தே இளைத்துவிடுவாள்.

"கொழுத்திருக்காளா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும் டீச்சர்? தராசுலயா நிறுத்துவாங்க?"

"அவ தூங்குறதைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். மேல தூங்கினா ஓர்க்கா பிடிச்சுக்கும். கொலைத் திமிங்கலம்பாங்களே, அது. அதனால ஆழத்துக்குப் போயி, நீந்துறதை நிறுத்திட்டு, காய்ஞ்ச எலை மாதிரி சுத்திச் சுத்தி விழுந்துக்கிட்டே தூங்குவா. ஒல்லியா இருந்தா வேகமா விழுவா. கொழுப்பு ஏற ஏற மெதுவா விழுவா. நல்லாக் கொழுத்துட்டா விழவே மாட்டா. தூக்கத்துலயே மேல மிதந்து வருவா. கடல் சூடாகிக்கிட்டு வருதில்ல, மீனெல்லாம் இன்னும் ஆழத்துக்குப் போயிருது. இவளும் இன்னும் ஆழம் போகணும். நெறையப் பேர் ஒல்லியாவே கரைக்கு வர்றாங்க. குட்டி பிழைக்க மாட்டேங்குது. பேச்சி மாதிரி எத்தனை பேர் கொழுத்து வர்றாங்கன்னு பாத்துத்தான், அந்தக் கடல்ல கப்பல் வெச்சு மீன் பிடிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க."

மறுநாளே சுவரில் ஒரு சார்ட் தாள் ஏறியது. பேச்சி தூங்கும்போது எவ்வளவு வேகமாக விழுகிறாள் என்பதற்கு நாளுக்கு ஒரு புள்ளி. மெதுவாக விழ விழப் புள்ளி மேலே ஏறும். புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு. சந்தனமாரியின் அக்கா கொடுத்த மெரூன் நிற அட்டை. தாளின் மேலே ஒரு பச்சைக் கோடு. பொட்டு அதைத் தாண்டினால் பேச்சி மிதக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். பொட்டுகள் படி ஏறுவதுபோல் மெல்ல மேலே ஏறின.

இன்னொன்றும் நிறைமதி சொல்லியிருந்தாள். ஒரு நாள் வகுப்பில் சந்தைச் சத்தம். "நீங்க கத்தினா, பயந்தா, பட்டை வழியா பேச்சிக்கும் தெரியும். அவளும் பயந்துருவா." பட்டை அப்படியெல்லாம் எதையும் அனுப்பாது, வாங்க மட்டுமே அதற்குத் தெரியும். ஆனால் வகுப்பு அந்தக் கணமே அடங்கியது. திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. அழகாக இருந்தது, வசதியாகவும் இருந்தது.

பதினொரு நாட்களுக்கு முன் மாவட்டத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். காலையில் வருவதாகச் சொன்னவர்கள் மதியம் வந்தார்கள். வழக்கமாகப் பட்டையில் துடிப்பது பேச்சி முந்தைய முறை முக்குளித்தபோது பதிவான துடிப்புதான். அவள் மேலே வந்த பிறகே கருவி அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். நேரலை என்று ஒன்றும் உண்டு. அதைத் திறந்தால் கருவி ஆழத்திலிருந்தே ஒலி எழுப்பித் துடிப்பை அனுப்பும். மாதம் ஒரு முறை, கொஞ்ச நேரம் மட்டும் திறக்கலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "வந்தவங்களுக்கு அதைக் காட்டிருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் பால்ராஜ். காட்டினாள். அன்று பட்டை சந்தனமாரியின் நெஞ்சில். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து விரல் வைத்துப் பார்த்தார்கள். பெரிய அதிகாரி கேள்விமேல் கேள்வி கேட்டார். நிறைமதி திணறாமல் பதில் சொன்னாள். டீ வந்தது.

அதற்குமேல் அந்த நாளை நினைக்க அவள் தன்னை விடுவதில்லை. சந்தனமாரியின் குரல் மட்டும் தடுக்கத் தடுக்க வந்துவிடும்.

"டீச்சர், வேகமா அடிக்குது. இன்னும் ஆழத்துலதான இருக்கா? டீச்சர், ரொம்ப வேகமா… டீச்சர், நின்னுருச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிறைமதியின் வாய் தானாகப் பேசியது. "பட்டையை ஒழுங்காக் கட்டலையா? லூசா விட்டிருப்பே."

அதிகாரி சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். சந்தனமாரி பட்டையை இறுக்கி இறுக்கிப் பார்த்தாள்.

சாயங்காலம் திட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அருணோதயன் என்றொருவர். குரல் இதமாக இருந்தது.

"உங்க சீல் போயிடுச்சு மேடம். ஓர்க்கா கூட்டம். கவலைப்படாதீங்க, இனிமே 'தொடர்ச்சி' ஓடும்."

"அப்படின்னா?"

"பழைய முக்குளிப்புப் பதிவுகளையே கலைச்சுப் போட்டுத் திருப்பி அனுப்பும். பட்டை துடிக்கும், பிள்ளைங்க மனசு கஷ்டப்படாது. வருஷக் கடைசியில கரைக்கு வந்து குட்டி போட்ட மாதிரி ஒரு வீடியோ வரும். அதோட முடிஞ்சிடும்."

"எங்க பேச்சியோட வீடியோவா?"

"ஏதோ ஒரு சீலோடது மேடம். யாருக்குத் தெரியப்போகுது?"

நிறைமதி போனை மறு காதுக்கு மாற்றினாள். "எப்படி நடந்ததுன்னு…"

"அதை நாங்க எந்தப் பள்ளிக்கூடத்துகிட்டயும் கேக்கறதில்ல மேடம்" என்றார் அவர், அதே இதமான குரலில். "ஒருத்தரைக் கேட்டா எல்லாரையும் கேக்கணும்."

பால்ராஜ் சாரிடம் மட்டும் பேச்சி செத்ததைச் சொன்னாள். எப்படி என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் அல்ல.

"ஏம்மா, பட்டை இருக்குன்னுதான் அடுத்த ஊர்ப் பிள்ளைங்க இங்க வருது. இல்லேன்னா இந்த வருஷமே நம்ம பள்ளிக்கூடத்தை மெயின் ரோட்டுப் பள்ளியோட சேத்திருப்பாங்க. பிறகு இந்தப் பிள்ளைங்க லாரிக்கு ஊடால சைக்கிள் மிதிக்கணும். துடிக்குதுல்ல? துடிச்சுட்டுப் போகட்டும்."

துடித்தது.

இப்போது, படம் வரைந்து முடித்து அவள் திரும்பியபோது, ஹரிஷ்பாண்டி பட்டையோடு சார்ட் தாளின் முன்னால் நின்றிருந்தான்.

"டீச்சர், பேச்சி கொழுக்கவே இல்ல."

"போய் உக்காரு."

"இல்ல டீச்சர், பாருங்க. பொட்டு இது வரைக்கும் ஏறியிருக்கு. பிறகு ஏறவே இல்ல. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு எங்கிட்டோ போகுது. பழைய எடத்துக்கே திரும்பிப் போயிருக்கா. அவ சாப்பிடலை டீச்சர்."

நிறைமதி தாளைப் பார்த்தாள். படி ஏறிய பொட்டுகள், பிறகு யாரோ கை தவறிக் கொட்டியதுபோல் சிதறிய பொட்டுகள். படிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்ததும் அவள்தான்.

"கடல்ல சில நாள் மீன் கிடைக்காது" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எந்த நாள்ல இருந்துன்னு பாருங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "ஆபீசருங்க வந்த நாள்."

வகுப்பு முழுக்க ஒரே பக்கம் திரும்பியது. கடைசிப் பெஞ்சில் சந்தனமாரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கடைசிப் பெஞ்சுக்கு எப்போது போனாள் என்பது நிறைமதிக்குத் தெரியவில்லை.

மணி அடித்தது. சத்துணவு வரிசையில் மாடத்தி அக்கா நிறைமதியைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்தச் சந்தனமாரி புள்ளைக்கு என்னான்னு கேளுங்க. முட்டைன்னா உசுர விடும். இப்ப முட்டையும் தொடுறதில்ல, சோத்தையும் அளைஞ்சு வெச்சுட்டுப் போயிருது. கேட்டா, 'அவ சாப்பிடட்டும், பிறகு சாப்பிடுறேன்'ங்குது. எவ அவ?"

நிறைமதி வேப்பமரத்தடிக்குப் போனாள். சந்தனமாரி தட்டை மடியில் வைத்திருந்தாள். முட்டை உரிபடாமல் இருந்தது. கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே துருத்தித் தெரிந்தது.

"ஏன் சாப்பிடலை?"

"பசிக்கல டீச்சர்."

"பொட்டு சமாச்சாரம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

சந்தனமாரி தலையாட்டினாள். "தெனமும் ஒட்டுறது நான்தான டீச்சர். ஹரிஷுக்கு இன்னைக்குத்தான் தெரியும்." பிறகு, "நான் அன்னைக்குப் பட்டையை நல்லாத்தான் டீச்சர் கட்டியிருந்தேன்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. கெஞ்சும் குரல்.

சொல்லிவிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. யாரும் இல்லை. நிறைமதி வாயைத் திறந்தாள்.

"சாப்பிடு. வகுப்புக்கு நேரமாச்சு" என்றாள்.

நடந்து வரும்போது அவளுக்குக் காது வரை சுட்டது. ஒரு குழந்தையிடம் தோற்றுவிட்டு வருகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு குழந்தையின் பின்னால் ஒளிந்துகொண்டு வருகிறோம் என்று தோன்றியது.

மதிய வகுப்பில் அவள் நுழைந்தபோது பெஞ்சுகள் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தன. நடுவில் சந்தனமாரி நின்றாள். ஹரிஷ்பாண்டி தன் பட்டையைக் கழற்றி அவளுக்குக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இறுக்கிப் பிடி. அன்னைக்கு மாதிரி விட்டுராத."

"என்னடா இது?"

"இவ பேச்சிகிட்ட மன்னிப்புக் கேக்கப்போறா டீச்சர். நாங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம்." அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "நம்ம பயந்தா அவளும் பயந்துருவான்னு நீங்கதான சொன்னீங்க? அன்னைக்கு இவ பயந்துட்டா. அதுல பேச்சியும் பயந்துதான் சாப்பிடாம இருக்கா. குட்டி வேற இருக்கு."

"யாரு இவளை…"

"நானாத்தான் வந்தேன் டீச்சர்" என்றாள் சந்தனமாரி.

இரண்டு கைகளையும் பட்டையின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கோயிலில் நிற்பதுபோல் நின்றாள்.

"பேச்சி, நான்தான். அன்னைக்கு அம்புட்டுப் பெரிய ஆளுங்க சுத்தி நிக்கவும் எனக்கு வேர்த்துப்போச்சு. பயந்துருக்கக் கூடாது. உனக்கு என்னையப் பிடிக்கலைன்னா இனிமே நான் பட்டையே கட்டல. அவங்களே கட்டட்டும். நீ சாப்பிடு. இப்பச் சாப்பிட்டாத்தான் அதுக்குப் பால் கொடுக்க முடியும். நீ சாப்பிடுற வரைக்கும் நானும்…"

நிறுத்தினாள். கண் திறந்தது. முகம் மலர்ந்தது.

"வந்துட்டா!"

வகுப்பு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது. சமையல்கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. எல்லோரும் மெல்ல விட்டார்கள்.

நிறைமதி விடவில்லை.

"அது பேச்சி இல்ல" என்றாள்.

பிள்ளைகள் பார்த்தார்கள்.

"பேச்சி செத்துப்போயிட்டா. ஆபீசருங்க வந்த அன்னைக்கே. இது அவளோட பழைய துடிப்பு. திருப்பித் திருப்பிப் போடுறாங்க. அதனாலதான் பொட்டு ஏறலை."

"சும்மா சொல்லாதீங்க டீச்சர்" என்றான் ஹரிஷ்பாண்டி. எட்டி சந்தனமாரியின் பட்டையில் கை வைத்தான். "அடிக்குது பாருங்க." அவன் கை அங்கேயே இருந்தது. பிறகு அவனாகவே எடுத்துக்கொண்டான்.

முன்வரிசையில் யாரோ அழத் தொடங்கினார்கள்.

"எப்படி டீச்சர் செத்தா?"

"ஓர்க்கா பிடிச்சிருச்சு. கூட்டமா வந்து."

உண்மைதான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கடல் பெரியது, ஓர்க்காவுக்கும் பசி உண்டு, இயற்கையைப் பற்றி இன்னொரு பாடம் நடத்திவிடலாம். பிள்ளைகள் நம்புவார்கள். வாசலில் பால்ராஜ் சார் வந்து நின்றிருந்தார். வேண்டாம் என்பதுபோல் அவர் கை லேசாக அசைந்தது.

சந்தனமாரி பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஆழத்துலதான டீச்சர் தூங்கிட்டு இருந்தா? அங்க ஓர்க்காவுக்குத் தெரியாதும்பீங்களே. நான் பயந்ததுல முழிச்சு மேல வந்துட்டாளா?"

நிறைமதி அவள் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து பட்டையை அவிழ்த்தாள். நன்றாகத்தான் கட்டியிருந்தது. அவிழ்க்கச் சிரமமாக இருந்தது.

"நீ பயந்தது அவளுக்குத் தெரியவே தெரியாதும்மா. பட்டையில அப்படி எதுவும் போகாது. அது நான் சொன்ன பொய்." தலையை நிமிர்த்த முடியவில்லை. கொக்கியைப் பார்த்தே பேசினாள். "நேரலையைத் திறந்தா அந்தக் கருவி சத்தம் போடும். அவ எங்க தூங்குறாங்கிறதை அந்தச் சத்தம் ஓர்க்காவுக்குக் காட்டிக்கொடுக்கும். அதனாலதான் கொஞ்ச நேரத்துலயே நிறுத்திரணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாங்க. எனக்குத் தெரியும். வந்தவங்க என்னைப் பாராட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் அதை நிறுத்தலை."